ஜானவாசக் காருக்கு எண்ணெய்க் குளியல்

கார் சீட்டுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களை நான் ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். என் பை இன்றைக்கும் அந்த வீட்டு ஷெட்டில்தான் தொங்குகிறது.

தோல் சீட்டுகளைச் சுத்தம் செய்வதும், அவை காய்ந்து வெடித்துவிடாமல் கண்டிஷனர் போட்டுவிடுவதும் என் பிழைப்பு. தி. நகர், அடையாறு, மயிலாப்பூர் என்று கார் நிற்கும் இடத்துக்கே போய்ச் செய்துகொடுப்பேன். சீட்டைப் பார்த்தாலே எந்தப் பேட்டைக் கார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடையாற்றுக் கார்களில் கடற்கரை மணலும் நாய் முடியும். தி. நகர்க் கடைக்காரர்கள் வீட்டுக் கார்களில் விபூதி, பின் சீட்டின் இடுக்கில் எப்போதும் ஒரு புடவைக் கடைப் பை. மயிலாப்பூரில் குங்குமம், அதைவிட அதிகமாக, தலை சாய்க்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய். எல்லாம் போய்விடும். அவசரப்படாமல் செய்தால் தோலில் ஏறியது அநேகமாக எல்லாமே இறங்கிவிடும்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்புப் பாதியோடு நின்றது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் பட்டறையில் கொஞ்ச நாள் வண்ணம் அடித்தேன். பிறகு பெங்களூரில் சீட் கவர் தைக்கும் கடை. பிறகு லாரியில் கிளீனர். அந்த லாரி நாக்பூரில் பழுதாகி நின்றபோது நானும் அங்கேயே நின்றுவிட்டேன். எந்த ஊரிலும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் கால் தானாகக் கிளம்பிவிடும், அவ்வளவுதான். சுற்றிச் சுற்றிச் சென்னைக்கு வந்து, ராயப்பேட்டைப் பக்கம் கார் உதிரிச் சாமான் விற்கும் தெருவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையை மூடிவிட்டார்கள். முதலாளி நல்ல மனிதர். போகும்போது பிரஷ்களையும் துணிகளையும் ஒரு சின்ன வாக்குவம் கிளீனரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அப்போது எனக்குப் படுக்கை மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்கு அடியில். மழை அடிக்காத இடம், குறை சொல்ல முடியாது. தொந்தரவு படுக்கையில் இல்லை, பையில்தான் இருந்தது. அதற்குள் என் மொத்தப் பிழைப்பும் இருந்ததால் அதைத் தலைக்கு வைத்துத்தான் தூங்க வேண்டும். பகலில் எங்கே போனாலும் தோளில் தொங்க வேண்டும். டீ குடிக்கப் போனால் இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வேன். கட்டணக் கழிப்பறைக்குள்ளும் கூட வரும். வாசலில் உட்கார்ந்திருப்பவர், "பைக்கும் சேத்து குடுத்துட்டுப் போ" என்று தினமும் சொல்வார்.

அன்றைக்கு மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரு காரை முடித்துவிட்டுத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன். எதிர்ப்புறம் தகர ஷெட். அதன் கதவைப் பாதி திறந்துகொண்டு ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். நைட்டி, அதன் மேல் துண்டு, கொண்டையில் செருகிய சீப்பு.

"இந்தாப்பா, சீட்டு தொடைக்கிற தம்பி! தோல் சீட்டு தெரியுமா உனக்கு?"

"தெரியும்கா."

"தொடைக்க மட்டும் தெரியுமா, வைத்தியமும் தெரியுமா?"

பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் தீபாவளிக் காலை வாசனை அடித்தது. நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த வாசனை. உள்ளே நீளமான முகம் வைத்த பழைய காலத்துத் திறந்த கார் ஒன்று நின்றது. உடம்பு பாலாடை நிறம், பட்டை பட்டையாக மடிப்பு வைத்துத் தைத்த சீட்டுகள் கருஞ்சிவப்பு. பக்கத்தில் ஸ்டூலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன். சர்க்கரை நோய் அவர் கண்பார்வையை முக்கால்வாசி வாங்கிக்கொண்டிருந்தது.

"வூட்ல யார்னா எண்ணெய் தேச்சுக் குளிச்சாங்களா?" என்றேன்.

"வூட்ல யாரும் குளிக்கல நைனா" என்றார் அவர். "உங்க அக்கா சீட்டுக்குத் தலைக்கு ஊத்திக்கீறா."

அக்கா அவரை முறைத்தார். அது அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சத்தமாகவும் சொன்னார்: "மொறைக்கிறேன்."

"தெரியுதும்மா, சூடா கீது."

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர்ப் பக்கத்துப் பிராமணக் கல்யாணங்களில் முதல் நாள் மாலை மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குத் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்துவருவார்கள். அதற்குப் பெயர் ஜானவாசம். முன்னால் நாதஸ்வரம், காருக்குள் மாப்பிள்ளையைச் சுற்றி இடம் பிடிக்க அடித்துக்கொள்ளும் குழந்தைகள். இந்தக் கார் அதற்காகவே வாடகைக்குப் போகிற கார். அண்ணன் அதை ஓட்டித்தான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து பெங்களூருக்கு அனுப்பிவைத்திருந்தார். கண் போனதும் கார் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. அடையாற்றில் ஒரு ஓட்டல்காரர் அதை வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா கொடுக்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கினார். கல்யாணங்களுக்கு எல்லாம் ஏற்பாடு செய்துகொடுக்கிற கான்ட்ராக்டர் ஒருவரிடம் போய் நின்றார். அவர் ஒரே ஒரு ஜானவாசம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். ஒரு புகார் வந்தாலும் அடுத்து கூப்பிட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஜானவாசம் மறுநாள் மாலை. புகார் வந்தால் காரை ஓட்டல் வாசலுக்குக் கொடுத்துவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

ஓடாமல் நின்ற காலத்தில் சீட் வறண்டு, மடிப்புகளில் முடிபோல வெடிப்பு கண்டிருந்தது. அக்கா யோசித்திருக்கிறார். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாகச் சீட் முழுக்கத் தேய்த்து ஊறவிட்டு, பிறகு சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்து ஈரத் துணியால் துடைத்திருக்கிறார்.

"மிளகு எதுக்குக்கா?"

"சளி புடிக்காம இருக்கத்தான், வேற எதுக்கு?" என்றார் அண்ணன்.

"நீ சும்மா குந்து. தம்பி, நீயே சொல்லு. அதுவும் தோல், நம்மளுதும் தோல். நம்ம தோலு வெடிச்சா இன்னா பண்றோம்? எண்ணெய்தான வெக்கிறோம்?"

தோலுக்கு எண்ணெய்ப் பசை வேண்டும் என்பது உண்மைதான். ராணிப்பேட்டைப் பட்டறையில் பீப்பாய் பீப்பாயாகத் தோலுக்கு எண்ணெய் ஊட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஊட்டுவது வேறு எண்ணெய், அதற்கென்று வேறு முறை. நல்லெண்ணெய் உள்ளே போன மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் வேர்வை போல மேலே வந்துவிடும்.

என் வெள்ளைக் கைக்குட்டையைச் சீட்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தேன். எண்ணெய் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. சிவப்பும் வந்தது. வெற்றிலைச் சாறு துப்பியது போல ஒரு கறை.

"இதுக்கு மேல என்னண்ணே போட்டிருக்கீங்க?"

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "பூட்ஸ் பாலிசு. செகப்பு. ஒவ்வொரு கல்யாண சீசனுக்கும் ஒரு கை போடுவேன். ஸோக்கா இருக்கும்."

வருஷக்கணக்காக ஏறிய பாலிஷை அக்காவின் நல்லெண்ணெய் இளக்கிவிட்டிருந்தது. மாப்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் சிவப்பாகக் கோடு விழும். அதற்கு மேல் ஒரு புகார் வேண்டியதில்லை.

"மேல ஒரு துணி விரிச்சிடலாமேக்கா?"

"விரிச்சுப் பாத்துட்டேன். துணியே எண்ணெய இஸ்துக்கினு மேல வருது. அதுவும் இல்லாம, போட்டோல சீட்டு தெரியணுமாம். கண்டிசனா சொல்லிக்கீறாங்க."

"மேல பிளாஸ்டிக் ஷீட்டு விரிக்கலாம்" என்றார் அண்ணன். "மாப்ளைய ஸ்ட்ரெச்சர்ல ஏத்தின மாதிரி இருக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. சீட்டின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். "தம்பி, முடியும்னா முடியும்னு சொல்லு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. ஓட்டல்காரருக்கு நானே போன் போட்டுடறேன். அவமானப்பட்டுட்டு குடுக்கறதுக்கு, மானத்தோட குடுத்துடலாம்."

முடியும் என்று சொன்னேன். உள்ளூர அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் அன்று காலையில் கால் கிளம்புகிற மாதிரி இல்லை, வேறு வேலையும் இல்லை.

எண்ணெயை நீர் விட்டு எடுக்க முடியாது. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முகத்துக்குப் போடும் பவுடரைவிட நல்லது வேறு இல்லை. அக்கா மூலைக் கடைக்குப் போய் இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு பவுடர் டப்பாக்களோடு வந்தார். எல்லாம் குழந்தைகளுக்குப் போடும் பவுடர். பெரியவர்கள் பவுடர் அவ்வளவு கடையில் இல்லையாம். கடைக்காரர் பேரனா பேத்தியா என்று கேட்டிருக்கிறார். "கார் பொறந்திருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார் அக்கா.

சீட்டின் மேல் அங்குலக் கனத்துக்குப் பவுடரைக் கொட்டிப் பரப்பினோம். முதுகுப் பக்கம் நிற்காது என்பதால் மெல்லிய பழைய வேட்டிகளைப் பவுடரில் புரட்டி, அதன்மேல் சாய்த்துக் கட்டினோம். எதிர்வீட்டு வாசலில் துணி தேய்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, கல்யாணம் மாப்ளைக்கா, வண்டிக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே முகூர்த்தம்" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் பவுடர் கட்டிகட்டியாக இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. அள்ளி எடுத்துவிட்டுப் புதிதாகப் பரப்பினேன். நான் கிளம்பும்போது அக்கா, "பைய ஏன் தூக்கினு போற? நாளைக்கும் இங்கதான வரப்போற?" என்று கேட்டார். பழக்கம்கா என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டுதான் போனேன். பையை எங்கேயும் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் காலையில் நான் வேட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது பெண்ணைப் பெற்றவர் வந்துவிட்டார். மாட வீதிப் பக்கத்துக்காரர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியராம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் காரும் புது உடையும் பெண் வீட்டார் செலவு. அதனால் காரை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கார் முழுக்க வெள்ளை. என் புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

"என்னம்மா இது? மாக்கோலம் போட்டுண்டிருக்கேளா?"

"அழகுபடுத்திக்கினு கீறோம் மாமா" என்றார் அக்கா. "சாயங்காலம் பாருங்க."

"சாயங்காலம் பாக்கறதுக்குத்தான் பயமா இருக்கு. மாப்பிள்ளைக்குச் சந்தனக் கலர்ல ஷெர்வானி எடுத்திருக்கோம். ஒரு பொட்டு அழுக்கு படப்படாது. அவாத்துல ஒரு அத்தை இருக்கா. எதைப் பாத்தாலும் ஒரு நொட்டை சொல்லிண்டே இருப்பா."

"படாது மாமா."

"ஓட்டறது யாரு?"

"நான்தான்."

அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். "மெதுவாத்தானே போவேள்?"

"மேளக்காரர் நடக்கிற வேகம்தான் மாமா. அதுக்கும் மெதுவா போனா வண்டி தூங்கிடும்."

"இத்தினி வருஷம் என்னையே ஓட்டினவ" என்று அண்ணன் சேர்த்துக்கொண்டார். "வண்டி எம்மாத்திரம்?"

பெரியவர் லேசாகச் சிரித்தார். போகும்போது காருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

பவுடரை வாக்குவத்தில் இழுத்துவிட்டு, நுரைக்கிற திரவத்தைப் பிரஷில் எடுத்து ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தேன். வட்டமாகத் தேய்க்க வேண்டும், அழுத்தக் கூடாது, நுரை காய்வதற்குள் துணியால் எடுத்துவிட வேண்டும். துணி முதலில் ரத்தம் துடைத்தது போல வந்தது, பிறகு செங்கல், பிறகு ரோஜா. சீயக்காய்தான் படுத்தியது. தையல் ஓட்டைகளில் புகுந்து உட்கார்ந்துவிட்டது. பல் தேய்க்கும் பிரஷை வைத்து ஒவ்வொரு தையலாக எடுத்தேன். மின்விசிறியைக் காருக்கு நேராகத் திருப்பி வைத்து அக்கா காயவைத்தார்.

பாலிஷ் எல்லாம் போனபிறகு கீழே இருந்த நிறம் தெரிந்தது. பளிச்சென்ற சிவப்பு இல்லை. காய்ந்த மாதுளைத் தோலின் நிறம். அக்கா பயந்துவிட்டார். "செகப்பு கேட்டாங்களேப்பா." ஈரத்தில் வெளிறித் தெரியும், கண்டிஷனர் போட்டால் ஏறும் என்றேன்.

அண்ணன் எழுந்து வந்து சீட்டைத் தடவினார். கண் செய்ய வேண்டியதை விரல் செய்தது. பின் சீட்டில் ஓரிடத்தில் விரல் நின்றது. "இது கீது பாரு, சிகரெட்டு சூடு. ஒரு மாப்ள. பொண்ணு வூட்டுக்குத் தெரியாம குடிச்சுக்கினே வந்தான். மண்டபம் வந்ததும் பயத்துல சீட்டுல அணைச்சுட்டான்." பாலிஷ் அத்தனை நாளும் அதை மூடியிருந்திருக்கிறது. அவர் அதையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "சாஃப்டா ஆயிடுச்சுடி" என்றார் அக்காவிடம்.

அது என் வேலை மட்டும் இல்லை. வெடித்திருந்த இடங்களில் பிரஷ் பட்டால் பிளந்துகொள்ளும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. அக்காவின் எண்ணெய் அடிவரைக்கும் போய்த் தோலை இளக்கி வைத்திருந்தது. சொன்னேன். அக்கா உடனே புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா?"

"மிளகுதான் வேலை செஞ்சிருக்கும்."

கண்டிஷனரைத் துணியில் ஒரு சொட்டு எடுத்து மெலிதாகப் பூசினேன். "இவ்ளோதானா? பொட்டு வெக்கிற மாதிரி வெக்கிற" என்றார் அக்கா. தோல் குடித்தது போதும்கா என்றேன். காய்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க நிறம் ஏறியது. கடைசியில் புதிய வெள்ளைத் துணியை வைத்து என் முழு எடையையும் போட்டு அழுத்தி எடுத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. அக்கா அதை வாங்கி, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும். ஷெட் வாசலில் குந்தி நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றார். அப்படி நின்று எனக்குச் சோறு போட்டவர்கள் வெகு சிலர்.

தையலுக்குள் கொஞ்சம் பவுடர் தங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை முழுக்க எடுக்க இன்னொரு நாள் வேண்டும். சந்தன நிற உடையில் தெரியவா போகிறது என்று விட்டுவிட்டேன்.

பூக்காரர்கள் வந்து கட்டினார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன். கண் தெரியாவிட்டாலும் எஞ்சின் சத்தம் கேட்கும் என்று அவர் வாதம். "தம்பி, நீயும் பின்னாடியே வா. எதுனா ஆச்சுன்னா துணியோட ஓடியாரணும்" என்றார் அக்கா. பையை எடுக்கத் திரும்பினேன். வண்டியில் ஏறுவதற்கு முன்பே அக்கா ஷெட்டைப் பூட்டிவிட்டிருந்தார். "உள்ளதான் கீது, எங்க போவும்? ஒரு துணி கைல எடுத்துக்க, போதும்."

கோயில் வாசலில் கூட்டம். உள்ளே மாப்பிள்ளைக்குப் புது உடை கொடுத்து மாற்றிக்கொண்டு வர வேண்டும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனதும் மாப்பிள்ளை வெளியே வந்தார்.

கருநீலக் கோட்டு சூட்டு.

பெண்ணின் அப்பா காரருகே வந்து அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "ஷெர்வானி தோள்ல பிடிச்சிடுத்தாம். ரிசப்ஷன் சூட்டைப் போட்டுண்டுட்டான். எப்படியோ, கருப்பா இருக்கு, அழுக்கு தெரியாது. கவலை விட்டது."

அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திரும்பச் சிரித்ததாக நினைவு இல்லை. சிவப்பை எடுக்கப் பட்ட பாடு எல்லாம் இப்போது தேவையே இல்லை. வெள்ளைதான் இப்போது எதிரி. அக்காவிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் குழந்தைகள் ஏறிவிட்டார்கள், மேளம் கிளம்பிவிட்டது. சொல்லி என்ன ஆகப் போகிறது, நன்றாக ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெட்ரோ வேலைக்காகப் பாதித் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் பஸ்ஸும் ஆட்டோவும் நாங்களும். கார் அடிக்கு அடி நின்றது. எஞ்சின் சூடு முன் சீட் வரை அடித்தது. முந்தின நாளாக இருந்திருந்தால் எண்ணெய் ஆறாக ஓடியிருக்கும்.

"கிளட்ச்ச பாதி வுடு" என்றார் அண்ணன்.

"நீ வாய முழுசா மூடு."

"சத்தம் மாறுதும்மா."

"உன் சத்தம்தான் மாறல."

நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தால் காரும் நின்றது. அவர் நடந்தால் காரும் நடந்தது. ஒரு முறைகூடக் குலுங்கவில்லை. ஒரு திருப்பத்தில் மாநகரப் பேருந்து எதிரே வந்துவிட, அக்கா காரைப் பின்னால் எடுத்து, தகரத்துக்கும் பூச்சரத்துக்கும் ஒரு கை இடைவெளி விட்டு ஒதுக்கினார். பஸ் டிரைவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து விசில் அடித்தார். பாராட்டித்தான்.

நான் பின்னாலேயே நடந்தேன். குழந்தைகள் சீட்டில் குதித்தார்கள். ஒவ்வொரு குதிக்கும் தையல்களிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை எழுந்து விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் கையிலிருந்த துணியை மடித்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மாப்பிள்ளை இறங்கித் திரும்பினார். கருநீலக் கோட்டின் முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை, சீட்டின் மடிப்புகள் அப்படியே வெள்ளைக் கோடுகளாகப் பதிந்திருந்தன. ஆள் உயரத்துக்கு விபூதிப் பட்டை போட்டது மாதிரி.

பெண்ணின் அப்பா முகம் வெளுத்தது. அக்கா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார், முதுகு மட்டும் நிமிர்ந்தது. அண்ணன், "இன்னாச்சு? இன்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துணியோடு ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் போய்விட்டார். காலையில் கேள்விப்பட்ட அந்த அத்தை என்று பெண்ணின் அப்பா பின்வாங்கியதிலிருந்தே தெரிந்தது. கோட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"ஏண்டா," என்றார் மாப்பிள்ளையிடம், தெரு முழுக்கக் கேட்கும்படி, "இன்னும் தாலியே கட்டலை, அதுக்குள்ள உன்மேல பச்சைக் குழந்தை வாசனை அடிக்கறதே!"

முதலில் சிரித்தது ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண். தட்டு ஆடியது. பிறகு எல்லோரும். மாப்பிள்ளைக்குக் காது வரை சிவந்துவிட்டது. குழந்தைகளையும் பிடித்து முகர்ந்து பார்த்தார்கள், எல்லாம் ஒரே வாசனை. நான் பின்னாலிருந்து கோட்டை இரண்டு தட்டுத் தட்டினேன். பவுடர் போய்விட்டது. பவுடருக்கு அது ஒரு நல்ல குணம்.

அத்தை காரிடம் வந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி சாமர்த்தியமா ஓட்டறே. தை மாசம் என் பிள்ளைக்குக் கல்யாணம். இந்த வண்டிதான், நீதான் ஓட்டணும். பொண்ணாத்துக்காராகிட்ட நானே சொல்லிடறேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன்தான், "பவுடரும் உண்டுங்களா மாமி?" என்று கேட்டார்.

"அது இல்லாமலா?" என்றார் அத்தை.

திரும்பும்போது என்னைப் பின் சீட்டில் ஏறச் சொன்னார் அக்கா. நான் சுத்தம் செய்த சீட்டுகளில் நான் உட்கார்ந்து போனது அன்றுதான். பாதி வழியில், என் தோள் காலியாக இருப்பது உறைத்தது. மாலை முழுக்கப் பை இல்லாமல் நடந்திருக்கிறேன், நினைக்கவே இல்லை.

ஷெட்டைத் திறந்ததும் பை சுவரில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் பழைய யூனிபார்ம் சட்டை தொங்கிய ஆணி. சட்டையை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். "அந்த ஆணி உனுது" என்றார் அக்கா. "சாவி மீட்டர் பொட்டி மேல இருக்கும். காலைல வந்து எடுத்துக்கினு போ, சாயங்காலம் வந்து மாட்டு. ரயிலு படிக்கட்டுல அத வேற தலைக்கு வெச்சுக்கினு தூங்கிக்கினு கீற." நான் எங்கே படுக்கிறேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை. தெருக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு படிக்கட்டை விட்டு ராயப்பேட்டையில் ஒரு அறையில் சேர்ந்து தங்க வழி கிடைத்தது. பை மட்டும் இடம் மாறவில்லை. கல்யாண மாதங்களுக்கு முன்னால் அந்தக் கார் சீட்டுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓட்டல்காரர் இப்போது கேட்பதில்லை. வேலை முடிகிற சமயத்தில் அக்கா ஒவ்வொரு முறையும் கிண்ணத்தோடு வந்து நிற்பார். "ஒரே ஒரு சொட்டு நல்லெண்ணெய்?" என்று கேட்பார். சும்மா என்னைச் சீண்டத்தான்.

கால் இன்னும் அடங்கவில்லை. போன மாதம்கூட ஒரு காலையில் கிளம்பி ஓசூர் போய்விட்டேன். அக்கா போன் செய்து, எப்போ வருவாய் என்று கேட்கவில்லை. "பைய எடுத்துக்கினு போனியா?" என்றுதான் கேட்டார்.

இல்லைக்கா, ஆணியில்தான் இருக்கு என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.